வெட்ட வருபவரே கற்றுத்தருபவர்: கெண்டோ கட்டா ஓர் அறிமுகம்

கராத்தே பழகியவர்களுக்குக் கட்டா என்றால் ஒருவர் தனியாக நின்று செய்து முடிக்கும் அடவு வரிசை. ஜப்பானிய வாள்கலையான கெண்டோவில் கட்டா அப்படியல்ல. இருவர் மரவாளோடு எதிரெதிரே நிற்பார்கள். உடம்பில் கவசம் இருக்காது. ஒருவர் வெட்ட வருவார். மற்றவர் விலகியோ தட்டிவிட்டோ அவரைத் திருப்பி வெட்டுவார். எந்தக் காலை எப்போது வைப்பது, வாள் எந்த உயரத்தில் நிற்பது, யார் ஜெயிப்பது எல்லாமே முன்கூட்டியே வகுத்து வைத்தவை.

கவசம் அணிந்து, ஷினாய் எனும் மூங்கில் வாளோடு மோதும் கெண்டோவைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது சப்பென்று தோன்றலாம். முடிவு தெரிந்த சண்டையில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு வெட்ட வருபவரின் கையில் இருக்கிறது. அவர் உண்மையாக வெட்டினால்தான் எதிரில் நிற்பவருக்குத் தூரமும் நேரமும் பிடிபடும். ஒப்புக்கு வெட்டினால் இருவரும் கால்வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

இன்று உலகமெங்கும் பழகப்படும் ‘நிப்போன் கெண்டோ கட்டா’ 1912-இல் வகுக்கப்பட்டது. 1895-இல் கியோட்டோவில் தொடங்கப்பட்ட ‘தாய் நிப்போன் புத்தோகு காய்’ என்ற அமைப்பு, பல வாள்மரபுகளின் ஆசான்களைக் கூட்டி இதை உருவாக்கியது. நைத்தோ தகஹாரு, தகானோ சசபுரோ உள்ளிட்ட ஐந்து பேர் முதன்மைப் பொறுப்பில் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜப்பானின் நடுநிலைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் வாள்பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. மரபுக்கு ஒரு விதமாகச் சொல்லித்தந்தால் நாடு முழுவதும் பள்ளிகளில் கற்பிக்க முடியாது. எல்லோருக்கும் பொதுவான ஒன்று வேண்டியிருந்தது. மொத்தம் பத்துக் கட்டாக்கள். முதல் ஏழில் இருவரிடமும் நீளவாள். கடைசி மூன்றில் ஒருவரிடம் மட்டும் குட்டைவாள். ஜப்பானில் முதல் ‘தான்’ (கறுப்புப்பட்டை போன்ற தகுதிநிலை) தேர்வுக்கு வழக்கமாக முதல் மூன்று கட்டாக்களைக் கேட்பார்கள். மற்ற நாடுகளில் இந்த எண்ணிக்கை மாறும், உங்கள் சங்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மரவாள்

பொக்குத்தோ எனப்படும் மரவாளின் நீளம் சுமார் 102 செ.மீ.; குட்டைவாள் சுமார் 55 செ.மீ. எடை ஏறக்குறைய அரை கிலோ. சிவப்பு ஓக், வெள்ளை ஓக் மரங்களில் செய்தவையே அதிகம். ஷினாய் உருண்டையானது, நேரானது. அதில் எது வாய்ப்பக்கம் (வெட்டும் விளிம்பு), எது முதுகு என்பதை ஒரு நூல்தான் காட்டும். மரவாளோ உண்மை வாளைப் போலவே வளைந்தது. கீழே வாய், மேலே முதுகு, இரண்டு பக்கத்திலும் நீளவாக்கில் ஓடும் ஒரு மேடு. ஷினோகி என்ற அந்த மேடு அலங்காரத்துக்கு வைத்ததல்ல. எதிரியின் வாளைத் தாங்குவதும் உரசி விலக்குவதும் அதை வைத்துத்தான். ஷினாயோடு மட்டும் பழகுபவர்களுக்கு இந்த இரண்டும், அதாவது வாயை வெட்டும் திசைக்கு நேராக வைப்பதும் ஷினோகியால் வேலை செய்வதும், வராமலே போய்விடும். கட்டா இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

கவசம் இல்லாத இடத்தில் மரவாள் ஆயுதம்தான், எலும்பை முறிக்கும். ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன் உள்ளங்கையால் நீளவாக்கில் தடவிப் பாருங்கள். சிராய் எழும்பியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். விரிசல் கண்டால், மயிரிழை அளவே ஆனாலும், அந்த வாளை ஒதுக்கிவிட வேண்டும். கைக்காப்பு லொடலொடவென்று ஆடினாலும் அப்படியே பயன்படுத்தக் கூடாது.

இரண்டு பொறுப்புகள்

முதலில் வெட்ட வருபவர் உச்சிதாச்சி. பதில் கொடுப்பவர் ஷிதாச்சி. எல்லாக் கட்டாவிலும் ஜெயிப்பது ஷிதாச்சிதான். ஆனால் மூத்தவர் ஏற்பது உச்சிதாச்சியின் பொறுப்பை. புதிதாக வருபவர் பொதுவாக ஷிதாச்சியாகத்தான் தொடங்குவார். எப்போது நகர்வது, எப்போது வெட்டுவது, எப்போது வாளைத் தாழ்த்துவது எல்லாவற்றையும் உச்சிதாச்சி தொடங்குவார், ஷிதாச்சி அரை நொடி பின்னால் வருவார்.

உச்சிதாச்சியின் கடமையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஷிதாச்சி நகராமல் நின்றால் எந்த இடத்தில் அடி விழுமோ, அந்த இடத்துக்கே வெட்ட வேண்டும். வாள் தவறுவது ஷிதாச்சி விலகியதால் நடக்க வேண்டும். பாவம் பார்த்து நாமே ஓரமாக வெட்டுவதால் நடக்கக் கூடாது.

பலர் பயத்தால் இதைத் தவறாகச் செய்கிறார்கள். துணைவருக்கு அடிபட்டுவிடுமோ என்று வாளைச் சற்றுப் பக்கவாட்டில் இறக்குவார்கள், அல்லது எட்டாத தூரத்தில் நின்று வெட்டுவார்கள். இரண்டுமே கெடுதல். எட்டாத வெட்டுக்கு விலகிப் பழகியவர், எட்டும் வெட்டு வரும்போது எவ்வளவு விலகுவது என்று அறியமாட்டார். ஓரமாக வரும் வெட்டு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது ஒவ்வொரு முறையும் வேறு ஓரமாக வரும். நேராக, ஒரே பாதையில் வரும் வாளிடமிருந்து தப்புவது எளிது. பாதுகாப்பு வேண்டுமானால் வேகத்தைக் குறையுங்கள். பாதையையும் தூரத்தையும் மாற்றாதீர்கள்.

தூரம்: மூன்று அடி

வணக்கம் சொல்லித் தொடங்கும்போது இருவருக்கும் நடுவே ஒன்பது அடி எடுத்துவைக்கும் இடைவெளி இருக்கும். இருவரும் மூன்று பெரிய அடிகள் முன்னேறியபடியே வாளை உருவி, சொன்க்யோ என்ற குந்திய நிலையில் அமர்வார்கள். எழுந்து நிற்கும்போது இரு வாள்களின் நுனிகளும் ஒன்றையொன்று லேசாகக் கடந்து நிற்க வேண்டும். ‘இஸ்ஸோகு இத்தோ’ என்ற இந்தத் தூரத்தில் ஓர் அடி முன்னே வைத்தால் வெட்டலாம். ஓர் அடி பின்னே வைத்தால் தப்பலாம். பிறகு வாளைத் தளர்த்துவார்கள்: நுனி எதிராளியின் முழங்காலுக்கு 3 முதல் 6 செ.மீ. கீழே, உடலைவிட்டுச் சற்று வெளியே, வாய் சாய்ந்து இடப்பக்கக் கீழ்நோக்கி. அப்படியே இடது காலில் தொடங்கி ஐந்து சிறிய அடிகள் பின்வாங்குவார்கள். ஒவ்வொரு கட்டாவும் இந்தத் தொலைவிலிருந்து தொடங்கி, மூன்று அடிகளில் அதே இஸ்ஸோகு இத்தோ தூரத்துக்கு வந்து சேரும்.

பெரும்பாலான கட்டாக்கள் கெடுவது இந்த மூன்று அடியில்தான். உயரமானவரும் குட்டையானவரும் ஜோடியாக நின்றால் உயரமானவர் மூன்றாவது அடியில் அதிகம் உள்ளே வந்துவிடுவார். அப்போது ஷிதாச்சியால் போதுமான அளவு விலக முடியாது. மாறாக, தயங்கித் தயங்கி வைத்தால் எட்டாது. உச்சிதாச்சி முன்னால் சாய்ந்து விழுந்து வெட்ட வேண்டிவரும். தூரத்தைச் சரிசெய்ய வேண்டியவர் உச்சிதாச்சி. அவர் மூன்றாவது அடியைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ வைக்கலாம். ஆரம்பத்தில் தரையில் ஒட்டுநாடாவால் நடுவே ஒரு கோடும், ஐந்தடி பின்வாங்கி நிற்கும் இடத்தில் ஆளுக்கொரு கோடும் போட்டுக்கொண்டு வாளில்லாமல் நடந்து பார்ப்பது நல்லது. பாதத்தைத் தூக்காமல் தரையோடு உரசி நடக்க வேண்டும். மூன்றாவது அடியை வைத்ததும் பின்கால் கூடவே நகர்ந்து வந்து சேர வேண்டும். பின்கால் தங்கிவிட்டால் இடுப்பு பின்னாலேயே நிற்கும். அங்கிருந்து எந்த வெட்டும் சரியாக வராது.

நிலையெடுக்கும்போது மூச்சை இழுத்துக்கொண்டு, மூன்று அடியும் வெட்டும் முடியும்வரை அதே மூச்சில் போகப் பழகுங்கள். நடுவில் மூச்சு வாங்கும் தருணத்தில் உடல் தளர்வது எதிரில் இருப்பவருக்கு அப்படியே தெரியும்.

முதல் கட்டா

உச்சிதாச்சி இடது காலை முன்வைத்து வாளைத் தலைக்கு மேல் தூக்குவார். இது இடது ஜோதான். ஷிதாச்சி வலது காலை முன்வைத்து அதேபோல் தூக்குவார், இது வலது ஜோதான். இருவரும் முன்னிருக்கும் காலில் தொடங்கி மூன்று அடி நெருங்குவார்கள். தருணம் பார்த்து உச்சிதாச்சி வலது காலை வைத்து, “யா” என்று குரல் கொடுத்தபடி, ஷிதாச்சியின் நடுத்தலையில் வெட்டுவார். தலைக்கு மேல் வாளைப் பிடித்திருக்கும் கைகளையும் சேர்த்துப் பிளக்கும் எண்ணத்தோடு வரும் வெட்டு அது. ஆகவே வாள் தலை உயரத்தில் நிற்காது, முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை இறங்கும்; மேலுடலும் சற்று முன்னே சாயும்.

ஷிதாச்சி இடது காலில் பின்வாங்கி, கைகளையும் பின்னோக்கி இழுத்துக்கொண்டு, வெட்டைக் காற்றில் போகவிடுவார். உடனே வலது காலை முன்வைத்து, “தோ” என்ற குரலோடு உச்சிதாச்சியின் நடுத்தலையில் வெட்டுவார். வாள் தலைக்குச் சற்று மேலே நின்றுவிடும்.

இங்கே ஷிதாச்சி செய்யும் தவறுகளில் முதலாவது, சீக்கிரம் நகர்வது. உச்சிதாச்சியின் வாள் இறங்கத் தொடங்கும் முன்பே பின்வாங்கினால், உச்சிதாச்சி வெட்டாமல் இன்னோர் அடி வைத்துத் துரத்தலாம். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: மூன்றாவது அடிக்குப் பிறகு உச்சிதாச்சி எப்போதும்போல் உடனே வெட்டாமல் சற்றுக் காத்திருக்கட்டும். ஷிதாச்சியின் குதிகால் அசைந்தால், அவர் எதிராளியைப் பார்க்கவில்லை, மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று ஆசான்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். வாளைப் பார்த்தால் வாள் நகர்ந்த பிறகே தெரியும். கண்ணைப் பார்த்தால் தோளும் இடுப்பும் காலும் சேர்ந்தே தெரியும்.

இரண்டாவது, அதிகம் பின்வாங்குவது. வாள்நுனி கடந்துபோகும் அளவு விலகினால் போதும். சரியாக விலகியிருக்கிறீர்களா என்று பார்க்க, விலகிய இடத்திலேயே நில்லுங்கள். அங்கிருந்து வலது காலை இயல்பாக ஓர் அடி வைத்தால் வாளின் நுனிப்பகுதி துணைவரின் தலைக்கு எட்டுகிறதா? தாவினால்தான் எட்டுகிறது என்றால் அதிகம் போய்விட்டீர்கள்.

மூன்றாவது, கால் மட்டும் பின்னே போய்க் கைகள் முன்னேயே தங்குவது. உச்சிதாச்சியின் வாள் அந்தக் கைகள் இருக்கும் வழியாகத்தான் இறங்குகிறது. தலை தப்பிவிடும், முஷ்டி தப்பாது. உடலும் கையும் ஒரே நேரத்தில் ஒரே துண்டாகப் பின்னே போக வேண்டும்.

வெட்டை நிறுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. தோளால் இழுத்து நிறுத்துபவர்களின் வாள் எப்போதும் குட்டையாகவே விழும், நெற்றிக்கு முன்னாலேயே தொங்கும். எட்டும் தூரத்துக்கு முழுதாக வீசி, கடைசித் தருணத்தில் இரு கைகளின் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் இறுக்கி நிறுத்த வேண்டும். இது தனியாக வெட்டிப் பழகும்போதே வந்திருக்க வேண்டிய திறமை. வாள் நின்ற இடத்தில் அதிராமல் நிற்கும்வரை துணைவரின் தலைக்கு நேராக வெட்ட வேண்டாம்.

வெட்டியதோடு கட்டா முடிவதில்லை. உச்சிதாச்சி ஓர் அடி பின்வாங்குவார். ஷிதாச்சி தன் வாள்நுனியை அவர் முகத்தின் நடுவுக்கு இறக்கி அழுத்தம் கொடுப்பார். உச்சிதாச்சி இன்னோர் அடி பின்வாங்கும்போது ஷிதாச்சி இடது காலை முன்வைத்து இடது ஜோதானுக்கு வாளைத் தூக்குவார்: ‘மீண்டும் எழுந்தால் மீண்டும் வெட்டுவேன்’ என்ற விழிப்பு. இதற்கு ஸான்ஷின் என்று பெயர். எல்லாவற்றையும் உச்சிதாச்சி தொடங்கினாலும், இந்த இரண்டு அடியில் மட்டும் அவரைப் பின்னே தள்ளுவது ஷிதாச்சியின் அழுத்தம்தான். அழுத்தமில்லாத ஷிதாச்சியின் முன்னால் உச்சிதாச்சி தானாகவே பின்வாங்கிப் போவது மிகச் சாதாரணமாகக் காணும் பிழை. பிறகு உச்சிதாச்சி வாளை நடுநிலைக்கு உயர்த்த, ஷிதாச்சி இடது காலை இழுத்து வாளை இறக்க, இருவரும் நடுவுக்குத் திரும்புவார்கள்.

இரண்டாவதும் மூன்றாவதும்

இரண்டாவது கட்டா சூதானில், அதாவது வாள்நுனி எதிராளியின் தொண்டையை நோக்கும் நடுநிலையில், தொடங்கும். இடது முஷ்டி தொப்புளிலிருந்து ஒரு முஷ்டி அளவு முன்னே இருக்கும். மூன்று அடிக்குப் பின் உச்சிதாச்சி ஷிதாச்சியின் வலது மணிக்கட்டை வெட்டுவார். ஷிதாச்சி இடது காலில் தொடங்கி இடப்பக்கப் பின்மூலைக்கு நகர்ந்தபடி, உச்சிதாச்சியின் வாளுக்கு அடியில் அரைவட்டம் போடுவதுபோல் தன் வாளைத் தாழ்த்தி விடுவித்துக்கொள்வார். பிறகு பெரிதாகத் தூக்கி, வலது காலை வைத்து, உச்சிதாச்சியின் வலது மணிக்கட்டை வெட்டுவார்.

பின்மூலை என்பதைப் பக்கவாட்டு என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. முழுக்கப் பக்கத்தில் போனால், திரும்பி வெட்டும்போது வாள் குறுக்காக விழும்; வாயும் வெட்டும் திசையும் பொருந்தாது. நகர்ந்து முடித்த இடத்தில் இடுப்பு உச்சிதாச்சியை நேராகப் பார்த்திருந்தால் வெட்டும் நேராகவே வரும். உச்சிதாச்சியின் வாள் தவறிய பிறகு, மணிக்கட்டு இருந்த உயரத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். தரைவரை போகவிடுவது வாள் கட்டுப்பாட்டில் இல்லை என்பதைத்தான் காட்டும்.

மூன்றாவதில் வெட்டே இல்லை, குத்துதான். இருவரும் கெதானில், நுனியைத் தாழ்த்திய நிலையில், மூன்று அடி வருவார்கள். அங்கே இருவர் வாளும் மெதுவாகச் சூதானுக்கு எழும். இந்த எழுச்சியில் யாரும் யாரையும் முந்துவதில்லை. இருவரும் ஒருவரையொருவர் எடைபோட்டபடி எழுகிறார்கள். உச்சிதாச்சி வலது காலை வைத்து வயிற்றின் மேல்குழியை நோக்கிக் குத்துவார். ஷிதாச்சி இடது காலில் பெரிதாகப் பின்வாங்கி, வாளின் இடப்பக்க ஷினோகியால் வரும் குத்தைத் தாங்கி உள்ளிழுத்துச் சக்தியிழக்கச் செய்து, உடனே அவர் மார்பை நோக்கித் திருப்பிக் குத்துவார்.

தாங்கி உள்ளிழுப்பதற்கு நயாஷி என்று பெயர். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் குத்தை ‘டக்’கென்று பக்கத்தில் தட்டிவிடுவார்கள். தட்டினால் எதிராளியின் வாள் விலகும் என்பது உண்மைதான். கூடவே உங்கள் நுனியும் நடுக்கோட்டைவிட்டுப் போய்விடும். அதை மீண்டும் கொண்டுவரும் நேரத்துக்குள் உச்சிதாச்சி பின்வாங்கியிருப்பார். குத்து வந்த வேகத்திலேயே நீங்களும் பின்னே போக வேண்டும், நுனி நடுவைவிட்டு அகலவே கூடாது. சத்தம் கேட்டால் தட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சரியான நயாஷியில் மரங்கள் உரசும் மெல்லிய ஒலிதான் வரும்.

குத்தியபின் ஷிதாச்சி மறுபடி வெட்டுவதோ குத்துவதோ இல்லை. முதலில் இடது காலை வைத்து நெருக்குவார். பின்வாங்கும் உச்சிதாச்சியைத் தொடர்ந்து மேலும் அடியெடுத்து, நுனியை முகத்தின் நடுவில் நிறுத்துவார். அடிக்காமலே ஜெயித்தவர் இப்படி நடக்கிறார். பத்துக் கட்டாக்களிலும் நடிப்பாகிவிடும் ஆபத்து இதற்கே அதிகம்; விறைப்பாக அணிவகுப்புபோல் நடக்காமல், நுனியில் கவனம் குலையாமல் நடந்தால் போதும்.

மற்றவை இங்கே பெயரளவுக்குத்தான். நான்காவதில் இருவரும் ஒரே நேரத்தில் தலைக்கு வெட்டி, வாள்கள் மோதிக்கொள்ளும். ஐந்தாவதில் தலைக்கு வரும் வெட்டையும் ஆறாவதில் மணிக்கட்டுக்கு வரும் வெட்டையும் ஷினோகியால் உரசி மேலே விலக்கி வெட்டுவது. ஐந்தாவதில் இடப்பக்க மேடு, ஆறாவதில் வலப்பக்க மேடு. ஏழாவதில் ஷிதாச்சி எதிராளியின் வயிற்றை வெட்டியபடி கடந்துபோய் ஒரு முழங்காலை ஊன்றி முடிப்பார். குட்டைவாள் கட்டாக்களைத் தேர்வுக்கு வெகுகாலம் முன்பே அவசரப்பட்டுத் தொட வேண்டாம். குட்டைவாளுக்கு உள்ளே நுழைந்தாக வேண்டும். நீளவாளின் தூரம் கண்ணுக்குப் பழகாமல் அந்த நுழைவு வராது.

எந்த வரிசையில் பழகுவது

ஒரே நாளில் மூன்றையும் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். முதல் கட்டாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வாளில்லாமல் காலடி. அடுத்து வாளோடு, ஆனால் உச்சிதாச்சி மட்டும் வெட்ட, ஷிதாச்சி விலகியதோடு நிறுத்திக்கொள்வது. இதைத்தான் மிக அதிகமுறை செய்ய வேண்டும், இருவரும் சலிக்கும்வரை. விலகிய இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக அமைந்த பிறகு பதில் வெட்டைச் சேருங்கள். குரலும் ஸான்ஷினும் தொடக்கம் முதலே இருக்கட்டும். பிறகு ஒட்டவைத்தால் ஒட்டாது.

ஷிதாச்சியாக ஓரளவு வந்ததும் இடம் மாறுங்கள். ஒருவர் எவ்வளவு தூரத்தில், எந்த நொடியில் விலகினால் தன் வாள் உண்மையிலேயே தவறுகிறது என்பது வெட்டும் இடத்தில் நின்றால்தான் தெரியும். இரண்டு புதியவர்களே ஜோடியாக இருந்தால், உச்சிதாச்சியாக நிற்பவர் பாதி வேகத்தில், முழுப் பாதையில் வெட்டட்டும். வேகத்தை ஷிதாச்சி கேட்கும்போது மட்டும் கூட்டட்டும்.

கட்டாவின் ஜோதானும் கெதானும் இப்போதைக்கு அதிகம் என்று தோன்றுபவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அகில ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு 2003-இல் ‘பொக்குத்தோ நி யோரு கெண்டோ கிஹோன் வாஸா கெய்கோ ஹோ’ என்ற ஒன்பது பயிற்சிகளை வகுத்தது. இவையும் மரவாளோடு இருவர் செய்பவைதான். ஆனால் எல்லாமே சூதானில் தொடங்கும், கால்நகர்வும் ஷினாய் கெண்டோவில் பழகுவதே. முதல் பயிற்சி தலை, மணிக்கட்டு, வயிறு, தொண்டை என நான்கு இலக்குகளையும் ஒவ்வொன்றாகத் தொடுவது. ஒன்பதாவது, வயிற்றுக்கு வரும் வெட்டை அடித்து வீழ்த்தித் தலையை வெட்டுவது. இங்கே இலக்கைத் திறந்து கொடுப்பவர் மோத்தோதாச்சி, வெட்டுபவர் ககாரிதே. மோத்தோதாச்சி எப்போது, எவ்வளவு திறக்கிறார் என்பதைப் பொறுத்தே ககாரிதேயின் வெட்டு அமையும் என்பதால், இதிலும் அனுபவம் உள்ளவரை மோத்தோதாச்சியாக நிறுத்துங்கள்.